மணியின் கால் வளைவதற்குக் காபியா காரணம்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் முதல் மாடி வாடகை வீட்டில் இருக்கிறோம். தெருவில் தாய் நாய் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனதால், ஒரு மாதக் குட்டியாக மணியை எடுத்துவந்தோம். நாட்டு நாய்தான். இப்போது நான்கு மாதம், ஏழு கிலோ. காலையும் மாலையும் பால் சோறு, நடுவில் பிஸ்கட், ஞாயிற்றுக்கிழமை எலும்பில்லாத சிக்கன் கொஞ்சம். என் மாமியார் தன் டம்ளரில் கால் பங்கு காபியை மிச்சம் வைத்து அவன் கிண்ணத்தில் ஊற்றிவிடுவார். "அதுக்கும் ருசி வேணாமா?" என்பார். இரண்டு வாரமாக முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைகின்றன. தூக்கினால் கத்துகிறான். சாயங்காலமானால் நிலைகொள்ளாமல் வீடு முழுக்க ஓடுகிறான். பத்தாவது படிக்கும் என் மகன், காஃபீன் கொடுத்த எலிக்குட்டிகளுக்கு எலும்பு சரியாக வளரவில்லை என்று எங்கோ படித்துவிட்டுப் பாட்டியிடம் சண்டை போடுகிறான். மாமியார் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. காபிதான் காரணமா? கால்சியம் டானிக் வாங்கிக் கொடுக்கட்டுமா? மகனும் பரீட்சைக்காக ராத்திரி காபி குடிக்கிறான். அவன் எலும்புக்கும் ஏதாவது ஆகுமா?

பதில்: காபியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதில் மறுபேச்சே வேண்டாம். ஆனால் கால் வளைந்ததற்கு உங்கள் மாமியாரின் டம்ளரைக் குற்றம் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் சந்தேகமெல்லாம் அந்தப் பால் சோற்றின் மேல்தான். அதை வீட்டில் எல்லோரும் சேர்ந்துதானே போட்டீர்கள்? ஆகவே முதலில் பேரன் பாட்டியிடம் போய் சமாதானம் பேசட்டும். அதற்காக மணியின் காலைக் கவனிப்பதைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். தூக்கும்போது கத்துகிறான் என்றால் எலும்பில் வலி இருக்கிறது. இந்த வாரத்துக்குள் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

மகன் படித்தது பொய்யில்லை. வளரும் பருவத்து எலிகளுக்குச் சில வாரங்கள் தொடர்ந்து காஃபீன் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கால் எலும்பின் நீளம் குறைந்தது. எலும்பின் முனைக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய குருத்தெலும்புப் பட்டை உண்டு; குட்டிகளுக்கு எலும்பு நீள்வது அங்கேதான். அந்தப் பட்டையில் செல்கள் பெருகுவது மந்தமானது. ஆனால் கொடுத்த அளவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு நாளைக்கு, 100 மில்லிகிராமுக்கு மேல். அந்த எலிகளுக்கு உடல் எடையும் சரியாக ஏறவில்லை. எடை ஏறாத குட்டிக்கு எலும்பு மட்டும் எப்படி முழுதாக வளரும்? அதில் காஃபீன் நேராகச் செய்தது எவ்வளவு, தீனி குறைந்ததால் வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது லேசான காரியமில்லை.

இன்னொன்று. எலியின் உடம்பு காஃபீனை நம்மைவிட, நாயைவிட மிக வேகமாகக் கழித்துவிடும். எலிக்குக் கொடுத்த அளவை அப்படியே நாய்க்குப் பொருத்தக் கூடாது. மருந்து அளவை ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, கால்நடை மருத்துவர்களான நாங்கள் உடல் பரப்பை வைத்துப் போடும் கணக்கில், எலிக்கு 100 என்றால் நாய்க்கு ஏறக்குறைய 30. அதாவது மணிக்குத் தினமும் 200 மில்லிகிராம் காஃபீன் போயிருந்தால்தான் அந்த ஆய்வைப் பற்றிப் பேசவே முடியும். ஒரு டம்ளர் ஃபில்டர் காபியில் 60 முதல் 80 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பொடியில் சிக்கரி கலந்திருந்தால் இன்னும் குறையும், சிக்கரியில் காஃபீன் கிடையாது. கால் டம்ளர் வீதம் இரண்டு வேளை என்றால் 30, 40 மில்லிகிராம். எலி ஆய்வின் பக்கத்தில்கூட வராது.

அளவு மட்டுமில்லை, கொடுக்கும் விதமும் கணக்கை மாற்றும். 1980-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகள் காஃபீனைத் தவிர்க்கலாம் என்று எச்சரித்தது. காரணம், கருவுற்ற எலிகளுக்குக் குழாய் வழியாக ஒரே மூச்சில் பெரிய அளவைச் செலுத்தியபோது சில குட்டிகள் விரல் எலும்பு இல்லாமல் பிறந்தன. ஆனால் அதே காஃபீனைக் குடிதண்ணீரில் கலந்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க விட்டபோது விரல் குறைபாடு வரவில்லை. எலும்பு இறுகுவது மட்டும் தாமதமானது. எலி ஆய்வு என்று எதைப் படித்தாலும் எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை நாள் என்ற மூன்றையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் மகனிடம். ஆர்வமுள்ள பையன், பிடித்துக்கொள்வான்.

காஃபீனுக்கு எலும்போடு இன்னொரு தொடர்பு உண்டு. அது சிறுநீர் வழியாகக் கால்சியத்தைக் கொஞ்சம் வெளியே அனுப்பும். மனிதர்களிடம் அளந்து பார்த்ததில், ஒரு கப் காபிக்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம் கால்சியம் நஷ்டம். இரண்டு ஸ்பூன் பால் ஊற்றினால் அது ஈடாகிவிடும். உங்கள் மாமியாரின் காபியில் பாதிக்கு மேல் பால்தானே!

சரி, இப்போது கிண்ணத்துக்கு வருவோம். வளரும் நாய்க்குட்டிக்கு ஒரு கிலோ எடைக்குத் தினமும் சுமார் 300 மில்லிகிராம் கால்சியம் தேவை. ஏழு கிலோ மணிக்கு 2,100. நந்தினி நீலப் பாக்கெட் பாலில் 300 மில்லி, தண்ணீர் கலக்காமல் ஊற்றுகிறீர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், 360 மில்லிகிராம். வெள்ளைச் சோற்றில் பேருக்குத்தான் கால்சியம். பிஸ்கட்டையும் சேர்த்தால் நானூற்றுச் சொச்சம் வரும். தேவையில் கால் பங்குகூட இல்லை. தாய்ப்பாலாக இருந்தால் கதை வேறு. நாய்ப் பாலில் பசும்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கால்சியம் உண்டு. அது அவனுக்கு ஒரு மாதத்தோடு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சிக்கனும் கைகொடுக்காது. எலும்பில்லாத கறியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பதினைந்து, இருபது மடங்கு அதிகம். குட்டியின் தீனியில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ இருக்க வேண்டும். தெருவில் வளரும் குட்டிகளிடம் இப்படிக் கால் வளைந்து நான் அதிகம் பார்ப்பதில்லை. கறிக்கடைப் பின்பக்கம் கோழித் தலையையும் காலையும் எலும்போடு கடித்து அவை பிழைத்துக்கொள்கின்றன. பாலும் சோறும் ஊட்டி மடியில் வைத்து வளர்க்கும் குட்டிகள்தான் வளைந்த காலோடு என் மேசைக்கு வருகின்றன.

உள்ளே நடப்பது இதுதான். இதயம் துடிக்கவும் தசை இயங்கவும் ரத்தத்தில் கால்சியம் ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும். சாப்பாட்டில் வராவிட்டால் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கச் சொல்லும். மாதக்கணக்கில் இப்படி எடுத்தால் எலும்பு மெலியும், உடல் எடை தாங்காமல் வளையும், சில நேரம் சத்தமே இல்லாமல் மடிந்து முறியும். இதனால்தான் ரத்தப் பரிசோதனையில் "கால்சியம் நார்மல்" என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். எலும்பைக் கரைத்துத்தான் அந்த நார்மல் வந்திருக்கிறது.

எக்ஸ்ரேயில் இது தெரியும். நல்ல எலும்பு படத்தில் வெள்ளையாக, ஓரம் தடித்து நிற்கும். இந்தக் குட்டிகளுக்கு எலும்பும் சுற்றியுள்ள சதையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும்; ஓரம் பென்சில் கோடு மாதிரி மெலிந்திருக்கும். வழக்கமாக எல்லோரும் இதை 'ரிக்கெட்ஸ்' என்பார்கள். உண்மையான ரிக்கெட்ஸ் நாய்களிடம் அரிது, அதில் நான் சொன்ன குருத்தெலும்புப் பட்டை அகன்று தெரியும். முன்னங்கால் இரண்டையும் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என எடுக்கச் சொல்லுங்கள். இடுப்பையும் ஒரு படம் எடுப்பது நல்லது. எலும்பு மெலிந்த குட்டிகளுக்கு இடுப்பு எலும்பு உள்ளே மடங்கி மலம் கழிக்கக் கஷ்டப்படும். அப்படி ஏதாவது கவனித்தீர்களா? உங்கள் பெங்களூரிலேயே ஹெப்பாளில் 1958 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெளியே செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் அங்குள்ள மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். ஆட்டோவில் அட்டைப்பெட்டிக்குள் துணி விரித்துக் கொண்டுபோங்கள், அக்குளில் கைவிட்டுத் தூக்க வேண்டாம். வயிற்றுக்கும் மார்புக்கும் அடியில் முன்கையை முழுக்கக் கொடுத்துத் தூக்குங்கள்.

ஒரே ஒரு கால் மட்டும் வளைந்திருந்தால் நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன். விழுந்தோ மிதிபட்டோ முன்கையின் ஒரு எலும்பில் அந்தப் பட்டை அடிபட்டு முன்னதாக மூடிக்கொண்டால், பக்கத்து எலும்பு மட்டும் நீண்டு கால் வில்லாகும். அதற்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். இரண்டு காலும் சேர்ந்து வளைவதால்தான் தீனியைச் சந்தேகிக்கிறேன். வழவழ டைல்ஸ் தரையில் வளர்ந்தாலும் மணிக்கட்டு தளர்ந்து பாதம் தட்டையாக விரியும். உங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். எதுவானாலும் அவன் நடமாடும் இடத்தில் சாக்கோ ரப்பர் விரிப்போ போட்டுவிடுங்கள்.

படம் எடுக்கும்வரை அவனை ஒரு சின்ன இடத்தில் அடைத்து வையுங்கள். மாடிப்படி கூடாது. சோபாவில் ஏறவிடக் கூடாது, அங்கிருந்து ஒரு தாவல் போதும் இந்த எலும்பு முறிய. சிறுநீருக்குக் கீழே தூக்கிக்கொண்டு போய், தூக்கிக்கொண்டு வாருங்கள். நல்லெண்ணெய் தடவிக் காலை நீவிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். பச்சைக் குழந்தைக்கு நீவிய கைகளுக்கு அந்த எண்ணம் வரத்தான் செய்யும். வேண்டாம். மூங்கில் குச்சி வைத்துக் கட்டவும் வேண்டாம். "வெயிலில் விடுங்கள், வைட்டமின் டி கிடைக்கும்" என்பதும் நாய்க்குப் பொருந்தாது. நம் தோல் வெயிலில் செய்யும் அந்த வேலையை நாயின் தோல் போதிய அளவு செய்யாது. நாய்க்கு வைட்டமின் டி உணவிலிருந்தே வர வேண்டும்.

இப்போது டானிக். எக்ஸ்ரே பார்க்காமல், எடை போடாமல், கடையில் கேட்டு வாங்கி ஊற்றாதீர்கள். இளங்குட்டியின் குடல், தேவைக்கு மேல் வரும் கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாதது. வருவதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களில் கிரேட் டேன் என்ற பெரிய இன நாயின் குட்டிகளுக்கு அதிகக் கால்சியம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். அவற்றின் குருத்தெலும்பு கெட்டு, கால் கோணிப்போனது. குறைந்தாலும் வளையும், கூடினாலும் கோணும். மணி கிரேட் டேன் இல்லைதான், ஆனாலும் அளந்து கொடுப்பதே சரி.

டானிக்கைவிட நான் பயப்படுவது வீட்டு மருந்துப் பெட்டியை. உங்கள் மாமியாருக்கு மூட்டுவலிக்காக வாரம் ஒருமுறை 60,000 யூனிட் வைட்டமின் டி எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? பல வீடுகளில் இருக்கும். அதில் ஒன்றை நல்லெண்ணத்தோடு குட்டிக்குக் கொடுத்துவிடுவார்கள். ஏழு கிலோ நாய்க்கு 28,000 யூனிட்டிலேயே விஷக்குறிகள் தொடங்கிவிடும். 60,000 என்பது அதைப்போல இரண்டு மடங்கு. ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் பழுதாகும்.

அப்படியானால் என்ன போடுவது? கையில் காசு இருந்தால் வளரும் குட்டிகளுக்கென்று பாக்கெட்டில் போட்டிருக்கும் முழுமையான தீனிதான் சுலபம். கணக்கெல்லாம் அவர்களே போட்டுவிடுகிறார்கள். அதோடு டானிக் சேர்க்கக் கூடாது. வீட்டுச் சாப்பாடுதான் என்றால் சோற்றைக் குறைத்து, தினமும் கோழிக்கறியும் வெந்த முட்டையும், கூடவே முட்டை ஓட்டுப் பொடி. ஓட்டைக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்து, வெறும் வாணலியில் சூடாக்கி, மிக்ஸியில் மாவாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். ஒரு டீஸ்பூன் பொடியில் ஏறக்குறைய 2,000 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். மணிக்குத் தினமும் எவ்வளவு என்பதை எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் சொல்லட்டும். ஒரு டீஸ்பூனைத் தாண்டி நீங்களாக ஏற்ற வேண்டாம். இந்த வேலையை உங்கள் மாமியாரிடமே கொடுங்கள். கிண்ணத்தில் எதையாவது போட வேண்டும் என்ற அவர் ஆசையும் தீரும்.

கர்நாடகத்தில் இருந்துகொண்டு ராகியைச் சொல்லாமல் விடுகிறீர்களே என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். 100 கிராம் ராகி மாவில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது உண்மைதான். மணியின் தேவையை ராகியால் மட்டும் நிரப்ப, தினமும் அரைக் கிலோவுக்கு மேல் மாவு கிண்டிப் போட வேண்டும்! அதிலும் பைட்டேட் என்ற பொருள் ஒரு பங்கைக் கட்டிவைத்துக்கொள்ளும். சோற்றுக்குப் பதிலாகக் கொஞ்சம் ராகிக் களி போடுங்கள், தப்பில்லை. மருந்தாக நினைக்காதீர்கள்.

தீனி சரியானால் எலும்பு இறுகச் சில வாரங்கள் போதும், வலி அதற்கு முன்பே குறைந்துவிடும். லேசான வளைவு வளர்ச்சியோடு நேராகும். அதிகம் வளைந்தது முழுக்க நேராகாமலும் போகலாம். நான்கு மாதத்திலேயே கவனித்துவிட்டீர்கள், அது நல்லது.

காபியை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்பது பாக்கி. கால் டம்ளரில் மணியின் உடம்புக்குள் கிலோ எடைக்கு இரண்டு, இரண்டரை மில்லிகிராம் காஃபீன் போகிறது. அறுபது கிலோ ஆள் ஒரே மூச்சில் இரண்டு டம்ளர் குடித்ததற்குச் சமம். சாயங்கால ஓட்டத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம். மெலிந்த எலும்போடு ஒரு குட்டி டைல்ஸ் தரையில் பாய்ந்து ஓடுகிறது என்பதே எனக்குப் போதும், காபியை நிறுத்த. மாமியாரின் காபிக்குக் காலில் பங்கு உண்டென்றால் இந்த வழியாகத்தான்.

கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனால் நாய்க்கு வாந்தி, படபடப்பு, மூச்சிரைப்பு வரும், 40, 50 ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், 60-ல் வலிப்பு. டம்ளர் மிச்சத்தில் இவ்வளவு வராது. பொடியில் வரும். சிக்கரி கலக்காத பொடி 10 கிராமே மணிக்கு முதல் கட்டத்தைத் தொட்டுவிடும். டிகாக்ஷன் இறக்கிய பிறகு ஃபில்டரின் மேல் கிண்ணத்தில் நிற்கும் சக்கையிலும் காஃபீன் பாக்கி இருக்கும். அதைத் துளசித் தொட்டியில் கொட்டும் பழக்கம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? காபி வாசத்துக்கும் ஈர மண்ணுக்கும் குட்டி முதலில் வாய் வைப்பது அங்கேதான். குப்பைக் கூடைக்கு மூடி போடுங்கள். தப்பித் தவறித் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே தனி விஷமாகிவிடும். அறிகுறி தெரிய ஒன்றிரண்டு மணி நேரமாகலாம், அதற்குக் காத்திராமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சிறுநீர்ப்பையில் சேர்ந்த காஃபீன் திரும்ப ரத்தத்தில் ஏறும் என்பதால் அங்கே சிறுநீரை அடிக்கடி வெளியேற்றுவார்கள்.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் விலங்குகளைப் பார்ப்பவன். அவன் உடம்புக்குக் குழந்தை மருத்துவர்தான் பதில் சொல்ல வேண்டும். பொதுவாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் தந்த கணக்குப்படி, பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம்வரை ஒரு நாளைக்குக் கவலையில்லை. ஐம்பது கிலோ பையனுக்கு 150, அதாவது இரண்டு டம்ளர். பால், தயிர் சாப்பிடும் பையனின் எலும்பை அது ஒன்றும் செய்துவிடாது. தூக்கத்தைத்தான் கெடுக்கும். குடித்த காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் பிடிக்கும். ராத்திரி பத்து மணி காபியை மாலை ஐந்துக்கு மாற்றிவிடுங்கள்.